ஹாரோ சாலைக்கு ஒரு நடைபாதை

லொறி வேதவல்லியை இடிக்கவில்லை. செங்கல் ஏற்றிக்கொண்டு ஹாரோ சாலையில் பறந்த அந்த லொறி அவளை உரசுகிற மாதிரிக் கடந்து போனது. அந்தக் காற்றே போதுமாயிருந்தது. பிள்ளைவண்டி சரிந்தது. அதைப் பிடிக்கப் பாய்ந்தவள் சாலையோரத்து வாய்க்காலுக்குள் விழுந்தாள். குழந்தை வண்டிப் பட்டியில் கட்டுண்டு கிடந்து அலறியது. அதற்கு ஒரு கீறலும் இல்லை. வேதவல்லியின் மணிக்கட்டுத்தான் முறிந்துபோனது.

இதைக் கண்ணால் பார்த்தவள் சிவனேஸ்வரி. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் ஆலையில் காலை ஷிஃப்டை முடித்து, ரயிலில் வந்து இறங்கி, அதே சாலை ஓரத்தில் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள். ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மறுகையால் ஆம்புலன்ஸுக்கு ஃபோன் பண்ணினாள். விழுந்தவள் யாரென்று அப்போது அவளுக்குத் தெரியாது. "அம்மா" என்று அவள் கத்தியதை வைத்துத்தான் தமிழ்ப் பிள்ளை என்று தெரிந்தது.

"நான் கோயம்புத்தூர் டிராஃபிக்ல நடந்து பழகினவ, அக்கா" என்றாள் வேதவல்லி, ஆஸ்பத்திரியில் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கையில். "அங்கல்லாம் விழாதவ இங்க வந்து விழுந்திருக்கேன். குழந்தைக்கு ஊசி போடத்தானே கிளம்பினேன். கிளினிக்குக்கு வேற வழி இருக்கா?"

வேறு வழி இல்லை. அதுதான் விஷயம்.

டான்டினோங்குக்கும் கிரான்பர்னுக்கும் இடையில் லின்ஹேவன் என்ற அந்த ஊரை ரயில் பாதை இரண்டாகப் பிரித்திருந்தது. மேற்குப் பக்கம் ஏரி, கோல்ஃப் மைதானம், நகரசபை மண்டபம். அங்கே ஏரியைச் சுற்றிய எல்லாத் தெருவுக்கும் இரண்டு பக்கமும் நடைபாதை. சில தெருக்களில் நல்லதாய் இருந்ததை உடைத்துவிட்டுச் சிவப்புக் கல் பதித்திருந்தார்கள். கிழக்குப் பக்கம் ஒரு காலத்தில் செங்கல் சூளை. சூளை மூடியபின் நிலத்தைத் துண்டு துண்டாக மலிவு விலைக்கு விற்றார்கள். இலங்கைத் தமிழர், வியட்நாமியர், ஆப்கானியர், வேறெங்கும் வாடகை கட்டமுடியாத வெள்ளைக்காரர்கள் என்று குடியேறினார்கள். கிழக்கிலிருந்து ஸ்டேஷனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கிளினிக்குக்கும் போக ஹாரோ சாலை ஒன்றுதான். அதில் நடைபாதை இல்லை. தார் முடிகிற இடத்தில் வாய்க்கால் தொடங்கியது.

தொண்ணூறுகளின் நடுவில் மாநில அரசு சின்னச் சபைகளை எல்லாம் ஒன்றாக்கியபோது, கிழக்கை மேற்கோடு சேர்த்து ஒரே நகரசபை ஆக்கியிருந்தார்கள். அதன்பிறகு இரண்டு பக்கமும் ஒரே விகிதத்தில் வரி கட்டின.

மார்ச் மாதச் சபைக் கூட்டத்துக்குச் சிவனேஸ்வரி போனாள். பொதுமக்கள் கேள்வி கேட்க ஒரு நேரம் உண்டென்று மகள் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்லியிருந்தாள். கணவன் தேவராஜாவுக்கு விருப்பமில்லை. "நீர் ஏன் அங்கை போறீர்?" என்று கேட்டுவிட்டுப் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவள், "போட்டு வாறன்" என்று மட்டும் சொன்னாள்.

சபையில் ஒன்பது கவுன்சிலர்கள் வளைந்த மேசையில் இருந்தார்கள். சாலைப் பணிகளுக்குப் பொறுப்பானவர் பார்க்கர் என்பவர். வெள்ளைத் தலை, இனிமையான குரல். ஹாரோ சாலைக்கு எப்போது நடைபாதை வரும் என்ற கேள்விக்கு அவர் பொறுமையாகவே பதில் சொன்னார்.

"அந்தச் சாலையில் நடப்பவர்களைக் கணக்கெடுத்தோம், அம்மணி. மிகச் சிலரே நடக்கிறார்கள். தேவை அதிகமுள்ள இடத்துக்குத்தான் முதலில் செலவு செய்ய முடியும். சாலையோர வீட்டுக்காரர்கள் செலவைத் தாங்களே ஏற்றுக்கொண்டால் நாளைக்கே தொடங்கலாம்."

சிவனேஸ்வரியின் ஆங்கிலம் ஆலையில் படித்த ஆங்கிலம். தடுமாறினாலும் நிறுத்தவில்லை.

"நடக்கப் பயமாயிருக்கிறதால்தான் சனம் நடக்கிறதில்லை. சரி, ஏரிப் பக்கத்து நடைபாதைகளுக்கு அந்த வீட்டுக்காரர்கள் காசு கொடுத்தார்களா?"

"அவை பழையவை. பொது வரியில் போட்டவை."

"அந்தச் சிவப்புக் கல்? அது போன வருசம் போட்டது."

பார்வையாளர் பக்கத்தில் யாரோ பலமாகச் சிரித்தார்கள். மேயர், கேள்வி நேரம் முடிந்துவிட்டது என்று அடுத்த விஷயத்துக்குப் போனார்.

சிரித்தவர் வெளியே வாகனத் தரிப்பிடத்தில் அவளுக்காகக் காத்து நின்றார். பெயர் பில் ஹார்கிரேவ். ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி சக்கர நாற்காலியில் இருப்பவர். கிழக்குப் பக்கம் வந்த நாளிலிருந்து காரில்லாமல் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

"பல வருடமாக நான் கடிதம் எழுதுகிறேன். ஒவ்வொரு தடவையும் இதே பதில்தான்" என்றார் அவர். "சிவப்புக் கல்லைப் பற்றிக் கேட்க எனக்குத் தோன்றவேயில்லை."

அடுத்த சனிக்கிழமை பில்லும் லெட்சுமியும் சிவனேஸ்வரியின் குசினியில் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். லெட்சுமி மலேசியத் தமிழ்ப்பெண். கிளேட்டனில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு வந்து, நகரத் திட்டமிடல் படித்து, இப்போது வேறொரு நகரசபையில் வேலை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்ததால் பழக்கம்.

"பார்க்கர் மேல கோபப்பட்டு ஒன்னும் ஆகப்போறதில்லக்கா" என்றாள் லெட்சுமி. "ஒம்பது பேரும் மொத்த ஊருக்கும் பொதுவா நிக்கிறாங்க. மேற்குல வீடு அதிகம், வோட்டும் அதிகம். அதனால ஒம்பது பேரும் மேற்கிலேருந்துதான் வர்றாங்க. ஊரை வட்டாரம் வட்டாரமாப் பிரிச்சு, ஒரு வட்டாரத்துக்கு ஒரு ஆள்னு வச்சா, கிழக்குலேருந்தும் ஒருத்தர் உள்ள போயே ஆகணும்."

"அதை ஆர் பிரிக்கிறது? பார்க்கரோ?"

"இல்லக்கா, தேர்தல் ஆணையம். இந்த வருஷம் லின்ஹேவனோட முறை. ஊர்க்காரங்க யார் வேணும்னாலும் போய்ப் பேசலாம்."

லெட்சுமி சொன்னதைப் பில்லுக்கு ஆங்கிலத்தில் சொன்னதும் அவர் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

அவர்கள் போனபிறகு தேவராஜா குசினிக்குள் வந்தான். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கும் வேலை அவனுக்கு. கதவுக்கு அப்பால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

"என்ரை சின்னமாமா பட்டினசபைக்கு நிண்டவர். உமக்குத் தெரியும்தானே, பிறகு என்ன நடந்தது எண்டு?"

"தெரியும்."

"வீட்டைக் கொளுத்தினவங்கள். நாங்கள் இஞ்சை வந்தது சத்தம் போடாமல் இருக்கத்தான்."

"இஞ்சருங்கோ" என்றாள் அவள். "அங்கை வாயைத் திறந்தால் கொளுத்துவினம். இஞ்சை நேரம் முடிஞ்சுது எண்டு சொல்லுகினம், அவ்வளவுதான். அதுக்கும் பயந்து வாயை மூடிக்கொண்டு இருந்தால், நாங்கள் ஏன் இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?"

அடுத்த கிழமை அவளும் பில்லும் வட்டாரப் பிரிப்புக்கு ஆதரவு கேட்டு வீடு வீடாகப் போனபோது காரை அவன்தான் ஓட்டினான். காருக்குள்ளேயே இருந்தான், இறங்கவில்லை.

ஆணையத்தின் விசாரணை நகரசபை மண்டபத்திலேயே நடந்தது. வட்டாரம் வேண்டாம், அது ஊரைப் பிளந்துவிடும் என்று மேற்கிலிருந்து பலர் பேசினார்கள். சிவனேஸ்வரியின் முறை வந்தபோது ஆணைய அதிகாரி அதையே கேட்டார்: ஊர் பிளவுபடாதா?

"ஊரை ரயில் பாதை எப்போதோ பிரித்துவிட்டது, ஐயா. நாங்கள் பிரிக்கவில்லை" என்றாள். "மார்ச் மாதம் இதே இடத்தில் ஒரு கேள்வி கேட்டேன். பதில் சரியில்லை. திருப்பிக் கேட்க எனக்கு உரிமையில்லை, நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் அந்த மேசையில் இருந்திருந்தால், அவர் திருப்பிக் கேட்டிருப்பார். அவருடைய நேரம் அவ்வளவு கெதியில் முடிந்திருக்காது."

அதிகாரி தலையைக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டார். சில மாதங்களின் பின் முடிவு வந்தது. லின்ஹேவனுக்கு ஒன்பது வட்டாரங்கள். ரயில் பாதைக்குக் கிழக்கே ஒன்று. அதற்குச் சூளை வட்டாரம் என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

அந்த வட்டாரத்துக்கு யார் நிற்பது என்பதில் சிவனேஸ்வரிக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பில் நிற்பார் என்றே நினைத்திருந்தாள். பில் தலையை ஆட்டி மறுத்தார்.

"நான் நின்றால் கிழவன் ஒருவன் புலம்புகிறான் என்பார்கள். நீ நில். நானும் நிற்கிறேன், ஆனால் என் வோட்டர்களிடம் இரண்டாவது விருப்பத்தை உனக்குப் போடச் சொல்லி. என் மாதிரி ஆட்கள் சிலர் முதலில் உன் பெயருக்குப் போடமாட்டார்கள். இரண்டாவதாகப் போடச் சொன்னால் போடுவார்கள்; நான் போட்டியிலிருந்து விழுந்ததும் அந்த வோட்டு உனக்கு வரும். அப்படியானவர்கள்தான், என்ன செய்வது."

2005 நவம்பரில் தேர்தல். எதிரே நின்றவர் வீடு விற்கும் முகவர் ஒருவர். வட்டாரத்தில் பாதி வீடுகளை விற்றவர், பார்க்கரின் நண்பர். அவருடைய முகம் ஒவ்வொரு வேலியிலும் சிரித்தது. சிவனேஸ்வரியின் படம் ஒன்றே ஒன்றுதான் ஹாரோ சாலை முனையில் பெரிதாக நின்றது. ஒரு காலை அதில் யாரோ கறுப்பு மையால், உன் நாட்டுக்குப் போ என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

அதை முதலில் கண்டது தேவராஜா. வேலைக்குப் போகும் வழியில் காரை நிறுத்தினான். வீட்டுக்குத் திரும்பி வந்து, வேலைக்கு வரமாட்டேன் என்று ஃபோனில் சொன்னான். பிறகு தின்னரும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு போனான். படத்தில் அவள் முகம் கலையாமல், எழுத்தை மட்டும் மெல்ல மெல்லத் துடைத்தான். எதிர்க் கடை ஆப்கானியர் ஏணி கொண்டுவந்து கொடுத்தார். முன்பிருந்ததைவிட ஒரு ஆள் உயரம் மேலே, எல்லா லொறிக்காரனுக்கும் தெரிகிற மாதிரிக் கட்டிவிட்டு வந்தான். அன்று மாலை வீடு வீடாகப் போகும்போது காரை விட்டு இறங்கியவன், கதவுகளையும் தானே தட்டினான். "என்ரை மனுசி நிக்கிறா" என்று தமிழ் வீடுகளிலும், "மை வைஃப்" என்று மற்ற வீடுகளிலும் சொன்னான்.

வாக்கு எண்ணிய சனிக்கிழமை லெட்சுமி சிவனேஸ்வரியின் சார்பில் எண்ணிக்கையைப் பார்க்க உள்ளே இருந்தாள். முதல் எண்ணிக்கையில் வீட்டு முகவர் முன்னே, சிவனேஸ்வரி பின்னே, பில் மூன்றாவது. வியட்நாமிய மருந்துக்கடைக்காரர் ஒருவர் கடைசி. முதலில் மருந்துக்கடைக்காரரின் வாக்குகளை, அவற்றில் இரண்டாவதாகக் குறித்திருந்தவர்களுக்குப் பிரித்தார்கள், இடைவெளி குறைந்தது. அடுத்துப் பில்லின் வாக்குக் கட்டை அவிழ்த்தார்கள்.

சிவனேஸ்வரி வெளியே புல்வெளியில் சமோசா பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். வேதவல்லியும் பில்லின் மனைவியும் பக்கத்தில். லெட்சுமி கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். செருப்பு ஒன்று வாசலிலேயே கழன்றுவிட்டது.

"அக்கா! பில்லோட வோட்டெல்லாம் உங்களுக்குத்தான் வருது! ஜெயிச்சிட்டீங்க!"

சிவனேஸ்வரி எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். "உண்மையோ?" என்று இரண்டு தடவை கேட்டாள். பில்லின் மனைவி நாற்காலியிலிருந்தபடியே அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தேவராஜா சமோசா பெட்டியைத் திறந்து, முன்பின் தெரியாதவர்கள், தோற்ற வீட்டு முகவரின் ஆட்கள் என்று பாராமல் எல்லோருக்கும் நீட்டினான். முகவரும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

ஆனால் உள்ளே போனபிறகுதான் ஒன்று தெரிந்தது. ஒன்பதில் ஒருத்தி என்பது ஒருத்திதான். முதல் வருடத்து வரவுசெலவுத் திட்டத்தில் ஹாரோ சாலையைச் சேர்க்கும்படி கேட்டாள். அவளுடைய கை மட்டுமே உயர்ந்தது. பார்க்கர் அதே இனிமையான குரலில், நடப்பவர்கள் குறைவு என்றார்.

வீட்டுக்கு வந்து அழுதாள். மறுநாள் ஆலையில் விரிப்புகளை மடித்துக்கொண்டே யோசித்தாள். தன்னைப்போல அந்தப் பதிலைக் கேட்டவர்கள் வேறு யாராவது இருக்கமாட்டார்களா?

இருந்தார்கள். ஊரின் மறு முனையில் மலைப்பக்கத்து வட்டாரம். அதன் கவுன்சிலர் ஜோன் மெர்சர், ஆப்பிள் தோட்டக்காரி. அவரும் வட்டாரம் பிரித்ததால் முதல்முறை உள்ளே வந்தவர். சிவனேஸ்வரி ஒரு ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு அடைத்த பற்றிஸ் பொரித்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். ஜோன் முதலில் சற்று விறைப்பாகத்தான் இருந்தார்.

"உன் கோரிக்கைக்கு நான் ஏன் கை தூக்கவில்லை தெரியுமா? உன் சாலைக்குக் கொடுத்தால் என் சாலைக்கு இல்லாமல் போகும் என்று பயம். எங்கள் பிள்ளைகள் பள்ளி பஸ்ஸுக்குச் சரளைக்கல்லில் நடக்கிறார்கள். கேட்டால், நடப்பவர்கள் குறைவு என்கிறார்கள்."

"எனக்கும் அதே வசனம்தான்" என்றாள் சிவனேஸ்வரி.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு பெண்களும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். என் சாலை, உன் சாலை என்று கேட்பதில்லை. விதியையே மாற்றச் சொல்வது. பள்ளிக்கூடம், ஸ்டேஷன், கிளினிக் போகும் வழியில் நடைபாதையே இல்லாத சாலைகளுக்குத்தான் பொது வரிப்பணம் முதலில் போகவேண்டும். நல்ல நடைபாதையை உடைத்து அழகுபடுத்துவது அதற்குப் பிறகு. எத்தனை பேர் நடக்கிறார்கள் என்ற கேள்விக்கே இடமில்லை.

மழைக்காலம் முழுக்க இரண்டு பேரும் மற்றக் கவுன்சிலர்களைத் தேடிப் போனார்கள். இன்னும் இரண்டு பேர் சரி என்றார்கள். ஐந்தாவது கை வேண்டும். ஸ்டேஷனுக்குப் பக்கத்து அடுக்குமாடி வட்டாரத்து இளைஞன் மார்ட்டின், யோசித்துச் சொல்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

2007 ஜூன் மாதக் கூட்டத்தில் பார்வையாளர் பக்கம் நிரம்பி வழிந்தது. ஷிஃப்ட் உடுப்போடு ஆலைப் பெண்கள், பில்லின் மனைவியின் நாற்காலிக்கு வழிவிட்டு நின்ற ஆப்கானியர்கள், சேறு படிந்த சப்பாத்தோடு மலைப்பக்கத்து விவசாயிகள். சபை மண்டபம் அப்படியொரு கூட்டத்தை அதற்கு முன் கண்டதில்லை.

பார்க்கர் எழுந்தார். "அதிக வரி கட்டும் வீடுகள் எங்கே இருக்கின்றன என்பதை மறந்துவிட வேண்டாம். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?"

சிவனேஸ்வரி திருப்பிப் பேசினாள். இம்முறை நேரம் முடிந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

"கவுன்சிலர் பார்க்கர், உங்கள் தெருவில் நானும் நடந்திருக்கிறேன். நல்ல நடைபாதை. அதை யாரும் பறிக்கப்போவதில்லை. அந்த நடைபாதை வந்தபோது உங்கள் தெருவில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று யாராவது எண்ணினார்களா? எண்ணியிருக்கமாட்டார்கள். மனிதர் குடியிருக்கிறார்கள், அதனால் போட்டார்கள். அது சரியான காரணம். அதே காரணத்தைத்தான் நாங்களும் கேட்கிறோம். எங்கள் பக்கத்திலும் மனிதர்தான் குடியிருக்கிறார்கள்."

மேயர் வாக்கெடுப்புக்கு அழைத்தார். சிவனேஸ்வரியின் கை. ஜோனின் கை. ஒப்புக்கொண்ட இருவரின் கைகள். மண்டபமே மார்ட்டினைப் பார்த்தது. அவன் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தான். பார்க்கரை ஒருமுறை பார்த்தான். பிறகு பேனாவை வைத்துவிட்டுக் கையைத் தூக்கினான்.

எழுந்த சத்தத்தில் மேயர் முடிவை அறிவித்தது யாருக்கும் கேட்கவில்லை. அமைதி, அமைதி என்று சுத்தியலால் தட்டினார். யார் அமைதியாய் இருந்தார்கள்? ஆலைப் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள். விவசாயிகள் சப்பாத்துக் காலால் தரையை அதிரவைத்தார்கள். பில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பார்க்கர் மேசையைச் சுற்றி வந்து கை நீட்டினார்.

"நன்றாக எண்ணத் தெரிந்திருக்கிறது உங்களுக்கு" என்றார்.

"ஐந்து வரைக்கும்தான்" என்றாள் அவள். அவரும் சிரித்தார்.

வசந்த காலத்தில் ஹாரோ சாலைக்குக் கொங்க்ரீட் லொறி வந்தது. வாய்க்காலுக்குக் குழாய் புதைத்து மூடியிருந்தார்கள். பலகை அடித்துக் கம்பி வலை விரித்த நீண்ட பாதையில் ஈரமான கொங்க்ரீட் சாம்பல் நிறத்தில் வழிந்து பரவியது. வீடுகளிலிருந்து சனம் வேலிக்கு வந்து நின்று தேர் பார்ப்பதுபோலப் பார்த்தது. யாரோ தேநீர் கொண்டுவந்து வேலையாட்களுக்குக் கொடுத்தார்கள்.

சிவனேஸ்வரி ஆலை உடுப்போடு, மதிய ஷிஃப்டுக்குப் போகும் வழியில் நின்றாள். ஆசை தாளாமல் குனிந்து, பலகை ஓரத்தில் ஒரு விரலை நீட்டினாள்.

"ஹலோ, அம்மணி! அதைத் தொடாதே!" என்று மேற்பார்வையாளர் அப்பாலிருந்து கத்தினார். "யார் நீ? கவுன்சிலிலிருந்தா வந்தாய்?"

அவள் நிமிர்ந்தாள். தேவராஜாவும் பில்லும் வேலியோரம் நின்ற சனமும் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"ஓம்" என்றாள் தமிழிலேயே. "நான்தான் கவுன்சில்."